மூலனூர் காட்டில் ஒரு ஹாமில்டோனியன்!

"ஹாமில்டோனியன்னா என்னம்மா?"

முதல் வருஷம் பிசிக்ஸ் வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வி. "டோட்டல் எனர்ஜி சார்!" என்று நோட்ஸில் இருந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டு எஸ்கேப் ஆனேன். அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். மார்க் வந்தது. பதில் மட்டும் வரவில்லை. அது ரெண்டு வருஷம் கழித்து, மூலனூர் பக்கம் எங்க மாமாவின் சாளையில், துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்து வந்தது!

சிரிக்காதீங்க. ஷ்ரோடிங்கரும் ஒரு பருத்திப் புழுவும் ஒரே கணக்கில் சந்திக்கிற கதை இது. நடுவில் நம்ம திருப்பூர் பனியனும் வரும்.

முதலில் என் ஜாதகம். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பீஸில் நூல் பிசிறு வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அம்மாவின் தம்பி, அதாவது மாமா, 4 ஏக்கர் காட்டில் பருத்தி போட்டவர். அக்கா வெட்டுகிற பிசிறு தம்பி காட்டில் விளைந்ததாகக்கூட இருக்கலாம் என்று சின்ன வயதில் நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தக் காட்டில் பருத்தி இல்லை, மக்காச்சோளம்தான். ஏன் மாறினார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

டப்பாவுக்குள் என்ன?

பொங்கல் லீவில் சாளையை ஒதுங்க வைத்தபோது அட்டாலியில் இருந்து அந்த டப்பா இறங்கியது. உள்ளே பிரிக்காத குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றும் 120 கிராம். எல்லாமே பருத்தி விதை.

"என்னங் மாமா இது, விதையை நடாம சேர்த்து வெச்சிருக்கீங்க?"

"அது பி.டி. விதைப் பையோட வர்ற சின்னப் பொட்டலம் கண்ணு. அதையும் நடணும்னு எழுதியிருக்கும். ஆரும் நடல. நானும் நடல. விதையைத் தூக்கி வீச மனசு வரல, அதான் போட்டு வெச்சேன்."

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2002 மார்ச்சில் மத்திய அரசு பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது. ஒரு மண் பாக்டீரியாவின் ஜீனை எடுத்துப் பருத்திக்குள் வைத்துவிட்டால், காய்ப்புழுவைக் கொல்கிற விஷத்தைச் செடியே தயாரித்துக்கொள்ளும். 2006-ல் ரெண்டு ஜீன் வைத்த அடுத்த ரகம் வந்தது. காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கிற செலவு நன்றாகவே குறைந்தது. விவசாயிகள் மொத்தமாக இதற்கு மாறினார்கள்.

ஆனால் அனுமதியோடு ஒரு கண்டிஷன் இருந்தது. பருத்திப் பரப்பில் 20 சதவீதம், அல்லது காட்டைச் சுற்றி 5 வரிசை, இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு பி.டி. இல்லாத சாதாரணப் பருத்தியை நட வேண்டும். அதற்காகத்தான் 450 கிராம் பி.டி. விதையோடு இந்த 120 கிராம் பொட்டலம். இதற்குப் பெயர் 'ரெஃப்யூஜ்'. அதாவது புகலிடம்.

யாருக்குப் புகலிடம்? புழுவுக்கு!

புழுவை ஏன் வளர்க்கணும்?

இந்த இடத்தில்தான் என் ரூம்மேட்ஸ் எல்லாரும் முழித்தார்கள். கொல்ல வேண்டிய புழுவுக்கு எதற்கு இடம் ஒதுக்கணும்?

லட்சக்கணக்கான புழுவில் ஒன்றிரண்டுக்கு விஷத்தைத் தாங்குகிற ஜீன் இயற்கையாகவே இருக்கும். அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் அந்த ஜீன் வந்த புழு மட்டும்தான் பி.டி. செடியில் பிழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். காடு முழுக்க பி.டி. என்றால் என்ன ஆகும்? மீதி எல்லாம் செத்து, பிழைத்தவை மட்டும் தங்களுக்குள் ஜோடி சேரும். குட்டிகள் அத்தனையும் விஷத்தைத் தாங்கும்.

பக்கத்தில் சாதாரணப் பருத்தி இருந்தால் கதையே வேறு. அங்கே விஷம் தாங்காத சாது அந்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பிழைத்த ஒன்றிரண்டு 'வில்லன்'களும் இவற்றோடுதான் ஜோடி சேர நேரும். பிறக்கிற குட்டிக்கு ஜீன் ஒரு பக்கம்தான் வரும். அது பி.டி. செடியைத் தின்றால் காலி!

இதை நானே எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் எதிர்ப்பு ஜீன் ஆயிரத்தில் ஒன்று. அப்படியென்றால் ரெண்டு பக்கமும் அந்த ஜீன் வந்த புழு பத்து லட்சத்தில் ஒன்று. இந்த ஜீன் பாதிக்கு மேல் பரவ எத்தனை தலைமுறை ஆகும்?

புகலிடம் 20 சதவீதம் இருந்தால், 250 தலைமுறைக்கு மேல்.
5 சதவீதம் இருந்தால், 60 தலைமுறைக்குள்.
1 சதவீதம்தான் என்றால், வெறும் 15!

வருஷத்துக்கு 5 தலைமுறை என்று வைத்தால் முறையே சுமார் 50 வருஷம், 12 வருஷம், 3 வருஷம். ஒரே விஷம், ஒரே புழு. வித்தியாசம் அந்தச் சின்னப் பொட்டலம் மட்டும்தான். ஸ்க்ரீனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இது ரொம்ப எளிமையான மாடல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிஜத்தில் இன்னும் மோசம். நம் நாட்டில் பி.டி. ஜீன் பெரும்பாலும் ஹைப்ரிட் விதையில்தான் வந்தது. ஹைப்ரிட் செடியின் காய்க்குள் இருக்கிற விதைகளில் எல்லாவற்றிலும் விஷம் இருக்காது. ஒரே காய்க்குள் விஷமுள்ள விதையும், விஷமில்லாத விதையும் கலந்திருக்கும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள் புகுந்து அந்த விதையைத்தான் தின்கிறது. ஜீன் ஒரு பக்கம் மட்டும் வந்த புழுவும் இதில் தப்பிக்க வழி கிடைத்துவிடுகிறது. என் எக்ஸெல் ஷீட் நம்பிய முக்கியமான விதியே அங்கே ஆட்டம் கண்டுவிடுகிறது.

வைவா கேள்விக்கு வருவோம்

'இதில் ஹாமில்டோனியன் எங்கே?' என்றுதானே கேட்கிறீங்க?

வில்லியம் ரோவன் ஹாமில்டன் அயர்லாந்துக்காரர். 1830-களில் ஒரு பொருளின் அசைவு முழுவதையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடக்குகிற வழியைக் கொடுத்தார். 1926-ல் ஷ்ரோடிங்கர் அதை அணுவுக்குள் கொண்டுபோனார். எலெக்ட்ரானுக்கு எந்தெந்த எனர்ஜி அனுமதி, அடுத்த நொடி அதன் நிலை எப்படி மாறும் என்பதை எல்லாம் தீர்மானிப்பது ஹாமில்டோனியன்தான். நம்ம பிசிக்ஸ் புத்தகம் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் கணக்கு அங்கே நிற்கவில்லை. 14 வயதில் பார்வை இழந்த ரஷ்யக் கணித மேதை பான்ட்ரியாகின், 1950-களில் தன் குழுவோடு சேர்ந்து வேறொரு கேள்வியை எடுத்தார். ஒரு விஷயத்தைக் காலப்போக்கில் மிகச் சிறப்பாக நடத்துவது எப்படி? அவர் எழுதிய சமன்பாட்டின் உருவம் ஹாமில்டனுடையதைப் போலவே இருந்ததால், அதற்கும் ஹாமில்டோனியன் என்றே பெயர். எகனாமிக்ஸ்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதுவது இப்படி:

ஹாமில்டோனியன் = இன்றைய லாபம் + (நிழல் விலை × இருப்பில் ஏற்படும் மாற்றம்)

இருப்பு என்றால் சுரங்கத்தில் இருக்கிற நிலக்கரி மாதிரி. இன்று ஒரு டன் எடுத்தால் இன்றைக்கு லாபம். ஆனால் நாளைக்கு ஒரு டன் குறைவு. அந்த 'நாளைக்குக் குறைவு' என்பதற்கு இன்றைய ரூபாயில் என்ன மதிப்போ, அதுதான் நிழல் விலை. தீர்ந்துபோகிற வளத்தை எந்த வேகத்தில் எடுக்கலாம் என்ற கேள்விக்கு ஹோட்டலிங் என்ற அமெரிக்கர் 1931-லேயே கணக்கு எழுதியிருந்தார்.

இனிதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1974-ல் ஹ்யூத், ரெகேவ் என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள், புழு மருந்துக்குச் சாகும் தன்மையையும் ஒரு சுரங்கம் மாதிரிக் கணக்கில் எடுத்தார்கள். ஒவ்வொரு முறை மருந்து அடிக்கும்போதும் அந்தச் சுரங்கத்தில் இருந்து கொஞ்சம் எடுக்கிறோம். மருந்தின் விலை என்பது டப்பாவில் ஒட்டியிருக்கிற ரேட் மட்டும் இல்லை. நாளைக்கு அந்த மருந்து வேலை செய்யாமல் போவதும் விலையில் சேர்த்திதான்!

பிசிக்ஸும் எகனாமிக்ஸும் இப்படி கை குலுக்குவது புதுசு இல்லை. க்வாண்டம் புத்தகத்தில் 'எரன்ஃபெஸ்ட் தியரம்' படித்திருப்பீங்க. அந்த எரன்ஃபெஸ்டிடம் லெய்டனில் பி.ஹெச்டி. செய்தவர் டின்பெர்கன். 1929-ல் அவர் முடித்த ஆய்வின் தலைப்பே இயற்பியலிலும் பொருளாதாரத்திலும் வரும் 'மினிமம்' கணக்குகள் பற்றியதுதான். 1969-ல் பொருளாதாரத்துக்கு முதன்முதலாக நோபல் கொடுத்தபோது வாங்கிய ரெண்டு பேரில் இவரும் ஒருவர்.

ஒரு எச்சரிக்கை. புழு எலெக்ட்ரான் இல்லை. ஒரே கணக்கு ரெண்டு இடத்தில் வருவதால் ரெண்டும் ஒன்றாகிவிடாது. எலெக்ட்ரானின் ஹாமில்டோனியனை இயற்கை எழுதி வைத்திருக்கிறது. அதில் ஒரு டெர்ம் எனக்குப் பிடிக்கவில்லை என்று எலெக்ட்ரானால் விட்டுவிட முடியாது. நம்ம ஹாமில்டோனியனில் ரெண்டாவது டெர்மை நாம் சுலபமாக விட்டுவிடலாம். விட்டுவிட்டோம்.

80 சென்ட் கணக்கு

இதையெல்லாம் அடுத்த முறை ஊருக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்து குச்சியால் மண்ணில் கோடு போட்டுத்தான். பொறுமையாகக் கேட்டார்.

"சரி கண்ணு. 4 ஏக்கர்ல 20 பர்சென்ட்னா 80 சென்ட். அந்த 80 சென்ட்லயும் புழு விழுந்தா நட்டம் ஆருக்கு?"

"உங்களுக்குத்தானுங் மாமா."

"நான் நட்டு, பக்கத்துக் காட்டுக்காரன் நடலைன்னா?"

"அவருக்கும் கொஞ்சம் நல்லது நடக்கும்."

"நான் நடாம, ஊரே நட்டா?"

"...உங்களுக்கு முழு நல்லது."

"அப்புறம் எவன் சாமி நடுவான்?"

என்னிடம் பதில் இல்லை. மூணு கேள்வியில் கேம் தியரியை முடித்துவிட்டார் மாமா! 1932-ல் க்வாண்டம் இயற்பியலுக்குக் கணித அடித்தளம் போட்டு புத்தகம் எழுதியவர் ஜான் வான் நியூமன். அவரே 1944-ல் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதியதுதான் கேம் தியரிக்கு அடித்தளம் போட்ட புத்தகம். அடுத்தவன் என்ன செய்வான் என்பதைப் பொறுத்து என் லாபம் மாறுகிற கணக்கு அது. பருத்திக் காட்டில் அது எப்படி முடியும் என்பதை மாமா புத்தகம் படிக்காமலே சொல்லிவிட்டார்.

மாமாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புழுவின் பலவீனம் என்கிற சொத்து அவர் ஒருவருடையது இல்லை, ஊர்ப் பொது. அந்துப்பூச்சிக்கு வரப்பும் தெரியாது, பட்டா நம்பரும் தெரியாது. பொதுச் சொத்தைக் காப்பாற்றுகிற செலவை மட்டும் 4 ஏக்கர்காரரின் தலையில் கட்டிவிட்டு, 'பொட்டலத்தில் எழுதியிருந்தோமே' என்றால் என்ன நியாயம்? அவருக்கு ரெண்டாவது டெர்ம் என்று ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தனியாக அவரால் என்ன செய்திருக்க முடியும்?

விளைவு?

2009-ல் குஜராத்தின் சில மாவட்டங்களில், முதல் ஜீன் விஷத்தை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கிக்கொண்டது தெரியவந்தது. ரெண்டு ஜீன் ரகமும் தப்பவில்லை. 2014-15 வாக்கில் அதையும் புழு ஜெயித்துவிட்டது. 2017-ல் மகாராஷ்டிராவில் பெரும் சேதம். புழு திரும்பி வந்தால் கூடவே ஸ்ப்ரேயரும் திரும்பி வரும். அதே வருஷம் யவத்மாலில் மருந்து அடிக்கும்போது விஷம் ஏறி இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். 2021-க்குப் பிறகு பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பக்கமும் இந்தப் புழுவின் தாக்குதல்.

இது முதல் தடவையும் இல்லை. 1987-ல் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் பகுதிகளில் பைரித்ராய்டு மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் பச்சைக் காய்ப்புழு சாகவில்லை. அப்போதும் காலியானது இதே மாதிரி ஒரு சுரங்கம்தான்.

'குஜராத் புழுவுக்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்கள் எங்க ஊர் நூலை எங்கே இருந்து வருகிறது என்று பார்க்கணும். தமிழ்நாட்டு மில்களுக்குப் பஞ்சு பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவில் இருந்துதான் வருகிறது. 2022 மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. நூல் விலையைக் கண்டித்து திருப்பூரில் கம்பெனிகளை மூடிப் போராட்டம் நடந்தது. விலை ஏறியதற்குப் புழு மட்டும் காரணம் இல்லை. உலகச் சந்தை, பதுக்கல் புகார், வரி என்று பல கதைகள் உண்டு. ஆனால் விளைச்சல் ஆட்டம் கண்டால், அந்த ஆட்டம் கடைசியில் அம்மாவின் ஷிப்டில் வந்து நிற்கும். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். அதற்கு எந்த ஹாமில்டோனியனும் தேவையில்லை. எங்க வீட்டு மளிகை லிஸ்ட்டே சொல்லிவிடும்.

மாமா விஷயத்தில் கணக்கு இன்னும் நேரடி. புழு விழுந்த காயில் பஞ்சு கறை பிடித்து, சரியாக வெடிக்காமல் நின்றுவிடும். ஏலத்தில் அது 'கொட்டு' ரகம். நல்ல பஞ்சின் விலை அதற்குக் கிடைக்காது. ரெண்டு வருஷம் தொடர்ந்து மூட்டையில் பாதி கொட்டாகப் போனதும், மூணாவது வருஷம் மக்காச்சோளம் விதைத்துவிட்டார்.

முடியவே முடியாதா?

முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் 1996-ல் பி.டி. பருத்தி வந்தது. அங்கே பெரும்பாலான வருஷங்களில் விவசாயிகள் புகலிட விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். 2006-ல் இருந்து, மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்தில் இருந்து கோடிக்கணக்கில் தூவினார்கள். காட்டுப்பூச்சி இவற்றோடு ஜோடி சேர்ந்தால் வம்சம் கிடையாது. 2018-ல் அமெரிக்கப் பருத்திப் பகுதிகளில் இருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதே புழு, அதே பி.டி. ஜீன்!

அங்கே காடு பெரிது, விவசாயிகள் எண்ணிக்கை குறைவு, எல்லாரும் சேர்ந்து காசு போட்டு கண்காணிக்கிற அமைப்பும் இருந்தது. ரெண்டாவது டெர்மை எல்லாரும் சேர்ந்து சுமந்தார்கள். நம் நாட்டில் இப்போது சாதாரண விதையைத் தனிப் பொட்டலமாகக் கொடுக்காமல், 475 கிராம் பையிலேயே 5 முதல் 10 சதவீதம் கலந்து விற்கிறார்கள். யாரும் ஒதுக்கிவைக்க முடியாது என்ற வகையில் நல்ல ஐடியாதான். ஆனால் புழு ஜெயித்த பிறகு வந்த ஐடியா. இனச்சேர்க்கையைக் குழப்புகிற வாசனைக் கயிறு, இனக்கவர்ச்சிப் பொறி, சீக்கிரம் அறுவடைக்கு வருகிற ரகம், அறுவடை முடிந்ததும் மாரை உடனே அகற்றுவது என்று வேறு வழிகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கண்டிஷன். ஒருத்தர் செய்தால் பலனில்லை, ஊரே செய்யணும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. நொய்யலில் சாயத்தண்ணியை விட்டபோதும் ரெண்டாவது டெர்மைத்தான் விட்டோம். ஒரு பட்டறைக்கு லாபம். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த காட்டுக்காரர்களுக்கு நஷ்டம். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. அதன் பிறகுதான் சுத்திகரிப்புச் செலவு துணியின் விலைக்குள் வந்தது. நிழல் விலையை நாமாகக் கட்டாவிட்டால், ஒருநாள் மொத்தமாக வந்து வசூல் செய்துகொள்ளும். ஆற்றுக்காகக் கோர்ட்டுக்குப் போக ஆள் இருந்தது. புழுவின் பலவீனத்துக்காக யார் கேஸ் போடுவார்கள்?

ஊருக்குக் கிளம்பும் முன் அந்த டப்பாவில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்த விதை முளைக்காது என்று மாமா சொன்னார். பரவாயில்லை, நடுவதற்கு இல்லை. இன்னொரு முறை யாராவது வைவாவில் 'ஹாமில்டோனியன்னா என்னம்மா?' என்று கேட்டால் டேபிள் மேல் எடுத்து வைக்க.

பஸ் ஸ்டாப் வரை டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கொண்டுவந்து விட்டார் மாமா. இறங்கும்போது கேட்டேன்.

"மறுபடி பருத்தி போடுவீங்ளா மாமா?"

வண்டியை ஆஃப் பண்ணாமல் கொஞ்சம் யோசித்தார்.

"ஊரே சேந்து ஒரு முடிவுக்கு வந்தா, அந்த 80 சென்ட்டை நானே மொதல்ல உடறேன் கண்ணு."